ஓர் அடக்க வரி கடல் கடந்த கதை

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அந்த ஆண்டிலிருந்தே அங்கே மூன்று கணக்குகள் எழுதத் தொடங்கினார்கள். யாருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, யார் யாரை மணந்தார், யாரை என்றைக்கு அடக்கம் செய்தார்கள். திருமணக் கணக்கின் தொடக்கத்திலேயே எலைஹு யேலின் பெயர் வருகிறது. பின்னாளில் சென்னைக்குக் கவர்னராகி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர். அடக்கக் கணக்கில் அப்படிப்பட்ட பெயர்கள் குறைவு. படைவீரர்கள், கப்பல் தொழிலாளிகள், எழுத்தர்கள், பிரசவத்தில் போன பெண்கள், பெயர் வைப்பதற்குள் போன குழந்தைகள் என்று பக்கம் பக்கமாக வரும்.

அந்த வரிகளில் ஏதோ ஒன்றின் பின்னால் போய்ப் பார்க்கிறேன். வரி என்றால் உண்மையிலேயே ஒரு வரிதான். ஒரு தேதி, ஒரு பெயர், சில சமயம் பெயருக்குப் பின்னால் ஒரே சொல்லில் தொழில். இன்றைக்கு பெர்த்திலோ மெல்பர்னிலோ இருக்கும் ஒரு பெண் தன் பாட்டனுக்குப் பாட்டன் சென்னை மண்ணில் எந்த நாளில் புதைக்கப்பட்டார் என்று சொல்ல முடிகிறதென்றால், அந்த ஒரு வரி காகிதத்திலிருந்து காகிதத்துக்கும், கப்பலிலிருந்து மாளிகைக்கும், மாளிகையிலிருந்து மலைக்குள்ளும் போய்த் திரும்பியதால்தான்.

வரி பிறப்பது அவசரத்தில். இந்த ஊர் வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது. காலையில் கண் மூடியவருக்கு மாலைக்குள் குழி வெட்டியாக வேண்டும். கவர்னராக இருந்த தாமஸ் மன்றோகூட இதற்கு விலக்கில்லை. 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். மறுநாளே குத்தியில் அடக்கம் செய்துவிட்டார்கள். கவர்னருக்கே இந்த வேகம் என்றால், படைக் கொட்டடியில் காய்ச்சலில் கிடந்த சாதாரண வீரருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருப்பார்கள்? பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொன்ன பெயரை, ஆஸ்பத்திரி எழுத்தர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு குருவானவர் ஜெபம் முடித்திருப்பார். ஏட்டில் ஏற்றுவது அதற்குப் பிறகு.

பிழைகள் நுழையும் வாசல் இதுதான். படையில் சேரும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவர் சாகும்போதும் அந்தப் பொய் வயதோடுதான் புதைக்கப்பட்டார். பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அயர்லாந்துக்காரரின் பெயர் ஆங்கிலேயரின் காதில் ஒரு விதமாகவும், போர்த்துகீசிய வம்சத்தவரின் பெயர் வேறொரு விதமாகவும் விழும். வில்லியம், ஜான், ஜேம்ஸ் எல்லாம் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்களாகிவிடும். குழந்தை என்றால் பெயரே இராது. இன்னாரின் மகவு என்று அப்பன் பெயரோடு முடிந்துவிடும். குருவானவரே இல்லாத சிற்றூர்த் தாவளங்களில் படை அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்து அடக்கம் செய்வார். பிறகு பக்கத்துப் பெரிய ஊருக்குக் கடிதம் போட்டால்தான் ஏட்டில் ஏறும். போட மறந்தால் இல்லை. போர்க்களத்தில் விழுந்தவர்கள் பெரும்பாலும் அடக்க ஏட்டுக்கு வருவதே கிடையாது. அவர்களை ராணுவத்தின் சேதக் கணக்கில்தான் தேட வேண்டும்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 1752 வரை ஆங்கிலேயர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மரணங்கள் பழைய ஆண்டின் கணக்கில் விழும். கல்கத்தாவின் தொடக்கத்தோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் 1692 ஜனவரி என்று பொறித்திருக்கிறது. நம் கணக்கில் அது 1693. இது தெரியாமல் ஏடு புரட்டுபவர், கணவர் இறந்த பிறகு மனைவிக்குக் குழந்தை பிறந்ததாகக் கண்டு குழம்பிப் போவார்.

சார்னாக்கின் பெயரை எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் கல்கத்தாவில் படுத்திருக்கிறார். அவர் மேல் இருக்கும் கல் நம் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போனது. 1890களில் அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பரங்கிமலை, பல்லாவரம் பாறை உலகப் பாடப்புத்தகங்களில் ஒரு கல்லறையின் பெயரோடு இருப்பது இப்படித்தான். மெட்ராஸ் கல் வடக்கே போயிற்று. மெட்ராஸ் காகிதம் மேற்கே போயிற்று.

கல் நம்பகமானது, காகிதம் அழியக்கூடியது என்றுதான் நாம் நினைப்போம். சென்னையில் நடந்தது நேர்மாறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, இப்போது சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பகுதியில் இருந்தது. கூம்பும் வளைவுமாக ஓங்கிய கல்லறைகள். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தக் கல்லறைகள் எதிரிகள் மறைந்து நின்று சுடுவதற்கு அரணாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இனி ஒருமுறை அப்படி நேரக்கூடாது என்று ஆங்கிலேயர்களே அந்தக் கல்லறைகளை இடித்துத் தள்ளினார்கள். பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் எடுத்துவந்து புனித மேரி தேவாலயத்து முற்றத்தில் தளமாகப் பதித்தார்கள். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் உட்பட அங்கே இன்றும் பார்க்கலாம். வருகிறவர்கள் தங்கள் முன்னோரின் கல்லைக் கண்டு குனிந்து தொட்டுக் கும்பிடுகிறார்கள். கல்லுக்குக் கீழே அவர்கள் இல்லை. யேலின் சிறு மகன் டேவிட்டும், அவர் மனைவியின் முதல் கணவரான ஜோசப் ஹின்மர்ஸும் அடங்கிய கல்லறை இடிபடாமல் பழைய இடத்திலேயே நிற்கிறது. மற்றவர்கள் பலரின் எலும்புகள் உயர்நீதிமன்றத்துக்கும் சட்டக் கல்லூரிக்கும் நடுவில், வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நடக்கும் மண்ணுக்கு அடியில் எங்கேயோ.

மன்றோவையும் விட்டுவைக்கவில்லை. குத்தியில் புதைத்த அவரை 1831இல் எடுத்துவந்து புனித மேரி தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்கு வேறு கதை. 1798 பிப்ரவரியில் இறந்தவருக்கு, சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் செய்வித்த சலவைக்கல் சிற்பம் தஞ்சைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் இருக்கிறது. கம்பெனி செய்வித்த இன்னொரு சிற்பம் சென்னைக் கோட்டையில் இருக்கிறது. அவர் அடங்கிய இடம் இரண்டும் அல்ல; தஞ்சையிலேயே புனித பேதுரு ஆலயம். முன்னோரைத் தேடி வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சுவரில் இருக்கும் நினைவுக்கல்லைக் கல்லறை என்று எண்ணிக்கொள்வார்கள். ஒருவரை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் முதலில் ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். கல் அதற்குப் பிறகுதான்.

கல்லுக்காகப் பாடுபட்டவர்களும் உண்டு. ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மெட்ராஸ் மாகாணம் முழுவதுமுள்ள கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1905இல் ஒரு பெரும் தொகுதியாக வெளியிட்டார். வெறும் வாசகங்களோடு நிற்காமல், இறந்தவர் யார், யாருக்குப் பிள்ளை, என்ன வேலை பார்த்தார் என்று தேடித் தேடிக் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் படித்த கற்கள் எல்லாவற்றையும் இன்று படிக்க முடியாது. உப்புக் காற்றும் மழையும் எழுத்தைத் தின்றுவிட்டன. அரசமரக் கன்றின் வேர் பலகையைப் பிளந்துவிட்டது. காட்டனின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பல கல்லறைகளுக்கு இன்று பெயர் சொல்ல முடிகிறது.

வரிக்குத் திரும்புவோம். தேவாலயத்து ஏட்டோடு மட்டும் நின்றிருந்தால் கரையானும் ராமபாணப் பூச்சியும் அதன் கதையை முடித்திருக்கலாம். அதைக் காப்பாற்றியது கம்பெனியின் ஒரு பழக்கம். இங்கே எழுதும் எல்லாவற்றுக்கும் லண்டனில் ஒரு படி இருந்தாக வேண்டும் என்று அது விரும்பியது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் படியெடுத்து அனுப்பினார்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன அந்தப் படிகளில் லண்டனில் இருப்பவை 1698இல் தொடங்குகின்றன. வங்காளத்தினுடையவை 1713இலும் பம்பாயினுடையவை 1709இலும் தொடங்குகின்றன. ஆரம்பத்தில் ஒழுங்கில்லாமல் போன இந்த வழக்கம், 1814இல் கல்கத்தாவுக்குப் பிஷப்பும் தொடர்ந்து சென்னைக்கு ஆர்ச்டீக்கனும் வந்தபின் சீராயிற்று. ஊர் ஊராக இருந்த குருமார் தங்கள் ஏட்டைப் படியெடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். சென்னையில் அவற்றைச் சேர்த்துக் கட்டி லண்டனுக்கு அனுப்புவார்கள். திருச்சி, ஊட்டி, பெங்களூர், சிக்கந்தராபாத் மரணங்களெல்லாம் மெட்ராஸ் கட்டுக்குள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கம்பெனி இதை ஏன் செய்தது? இறந்தவர்கள் மேல் அக்கறை கொண்டு அல்ல. கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. செத்தவரின் சம்பளப் பாக்கி யாருக்கு, விதவைக்கு ஓய்வூதியம் உண்டா, அவர் விட்டுப்போன சரக்கும் கடனும் யாரைச் சேரும், இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் தம்பிக்குச் சொத்துரிமை உண்டா, இங்கே மனைவி இறந்துவிட்டதாகச் சொல்லி அங்கே மறுமணம் செய்ய வருபவர் சொல்வது உண்மையா என்று எல்லாவற்றுக்கும் அத்தாட்சி தேவைப்பட்டது. ஒரு வணிக நிறுவனம் பண விவகாரத்துக்காக எழுதி வைத்ததைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் கண்ணீரோடு வாசிக்கிறார்கள். எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அன்பை மட்டும் நம்பி விட்டிருந்தால், அந்த அன்புடையவர்கள் இறந்த இரண்டாவது தலைமுறையில் பெயரும் போயிருக்கும்.

வரி கடலைப் பார்த்தது இப்படித்தான். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் காகிதக் கட்டுகளும் மசூலாப் படகில் ஏறி அலை தாண்டிப் போக வேண்டும். ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகை நம் கரையலை நொறுக்கிவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். அதை ஓட்டியவர்கள் நம் கடற்கரை மீனவர்கள். அவர்களுடைய சாவுகளை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. வெள்ளைக்காரர்களின் சாவுக் கணக்கை அலை மேல் ஏற்றிக் கொண்டுபோனது அவர்களுடைய துடுப்பு. அங்கிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐந்தாறு மாதம். முக்கியமான காகிதங்களைக் கம்பெனி இரண்டு மூன்று படிகளாக வெவ்வேறு கப்பலில் அனுப்பும். ஒன்று மூழ்கினாலும் ஒன்று சேரும் என்ற கணக்கு.

லண்டனில் லெடன்ஹால் தெருவில் இருந்த கம்பெனி மாளிகையில் வரி இறங்கியது. 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்து மகாராணியின் ஆட்சி வந்தது. 1861இல் மாளிகையை இடித்தார்கள். அந்தச் சில ஆண்டுகளில், இனிப் பயனில்லை என்று கருதிய பழைய காகிதங்களை டன் டன்னாகக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். ஞானஸ்நான, அடக்கப் படிகள் பிழைத்தன. அத்தாட்சிச் சான்று கேட்டு வருபவர்களுக்கு அதிலிருந்து நகல் கொடுக்க வேண்டியிருந்ததே! பிறகு ஒயிட்ஹாலில் எழுந்த இந்தியா ஆபீஸ், அப்புறம் பிளாக்பிரையர்ஸ் சாலையில் ஒரு கட்டடம், 1982இல் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பு, கடைசியில் செயின்ட் பாங்க்ராஸில் இருக்கும் இன்றைய நூலகம். மெட்ராஸ் வரிசை 1948ஓடு முடிகிறது. 

1947க்குப் பின் இந்தப் படிகளுக்குப் புதிய மவுசு வந்தது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும், பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல நாட்டைவிட்டுப் போகத் தொடங்கின. பிரிட்டிஷ் குடியுரிமைக்கும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைவதற்கும், ஐரோப்பிய வம்சத்தவர் என்று காட்ட அத்தாட்சி கேட்டார்கள். கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நான வரி, எள்ளுத்தாத்தாவின் அடக்க வரி எல்லாம் அப்போது பயணச் சீட்டுக்குச் சமமாயின. நிறத்தைக் காட்டி ஆளைத் தடுக்கும் சட்டத்தைத் தாண்டுவதற்கு, நூறு வருடம் முன்பு செத்தவரின் பெயரை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வெள்ளைத் தாத்தா மட்டும் காகிதத்தில் இருந்தால் போதும். தமிழ்ப் பாட்டி இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது என்ற நிலை.

அடுத்த பயணம் அமெரிக்காவுக்கு. யூட்டா மாநிலத்து மோர்மன் சபையினர், இறந்த முன்னோருக்காகவும் ஞானஸ்நானச் சடங்கு செய்யலாம் என்று நம்புகிறவர்கள். அதற்கு முன்னோர் பெயர் தெரிந்தாக வேண்டும். 1894இல் ஒரு வம்சாவளிச் சங்கம் அமைத்தார்கள். 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் பிடித்தார்கள். சால்ட் லேக் சிட்டிக்கு அருகே ஒரு கருங்கல் மலையைக் குடைந்து, 1965இல் கட்டி முடித்த சுரங்க அறைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுருள்களை வைத்திருக்கிறார்கள். நம் மெட்ராஸ் அடக்க வரியும் படச்சுருளாகி அந்த மலைக்குள் போயிற்று. ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்திரிகர் வம்சாவளி ஏடுகளையும் அதே சங்கம் படம் பிடித்திருக்கிறது. கோட்டைத் தேவாலயத்து ஏட்டில் ஏறிய ஒரு வீரரும், கங்கைக் கரையில் அஸ்தி கரைத்த ஒரு குடும்பத்தாரும் ஒரே மலைக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

1998இல் இங்கிலாந்தில் ஃபிபிஸ் என்ற சங்கம் பிறந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்தவர்களின் குடும்பங்களுக்கானது. அதன் தொண்டர்கள் ஏட்டுப் பெயர்களைக் கையால் தட்டச்சு செய்து யாரும் காசில்லாமல் தேடும்படி வைத்திருக்கிறார்கள். தெற்காசியக் கல்லறைகளைப் பாதுகாக்கத் தியோன் வில்கின்சன் 1970களில் தொடங்கிய பாக்சா சங்கம் கல்லறை கல்லறையாகப் படமெடுத்துச் சிறு நூல்கள் வெளியிட்டது. 2014இல் ஃபைண்ட்மைபாஸ்ட் நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்துப் பக்கங்களைக் கணினியில் ஏற்றியது. அதற்குக் கட்டணம் உண்டு. ஐந்தாறு மாதம் கடலில் போன வரி இப்போது ஒரு நொடியில் திரையில் வருகிறது.

வந்தபின் என்ன? தேடல் அங்கே முடியாது. வேலை தொடங்குவதே அங்கேதான். சாதாரணமான ஓர் ஆங்கிலப் பெயரைப் போட்டால் அதே பெயரில் பத்து இருபது பேர் வந்து நிற்பார்கள். பழக்கப்பட்டவர்கள் பெயரை நம்பமாட்டார்கள், படைப்பிரிவை நம்புவார்கள். இந்த ரெஜிமெண்ட் அந்த ஆண்டில் திருச்சியில் இருந்ததா? இருந்தால், திருச்சி அடக்கம் நம்மவருடையதாக இருக்கலாம். பிறகு குழந்தைகளின் ஞானஸ்நான வரிகளை வைத்துத் தகப்பன் எந்த ஆண்டு வரை உயிரோடு இருந்தார் என்று நெருங்குவார்கள். விதவை மறுமணம் செய்த தேதி இன்னொரு எல்லை. படைக் கொட்டடியில் கணவனை இழந்த பெண் சில மாதங்களிலேயே மறுமணம் செய்வது சாதாரணம். சம்பளமும் சோறும் நின்றுவிடுமே. உயில் இருந்தால் பாக்கியம். 1785இல் தொடங்கிய மெட்ராஸ் கூரியர், லண்டனில் 1816 முதல் வந்த ஏசியாட்டிக் ஜர்னல் இரண்டிலும் மரண அறிவிப்புகள் வரும். பிற்கால அடக்கப் படிவங்களில் இறந்த காரணத்துக்கும் ஒரு கட்டம் சேர்ந்தது. காலரா, பேதி, காய்ச்சல், வெயில் தாக்கு. ஒரே வாரத்தில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடவும் கூடாது. படியெடுத்தவர் ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம். எழுத்தை மாற்றிப் படித்திருக்கலாம். மூல ஏடு இன்னும் சென்னையிலோ திருச்சியிலோ அந்தத் தேவாலயத்திலேயே இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஓரத்தில் யாரோ எழுதிய சிறு குறிப்பு படியில் வந்திராது.

இந்தத் தேடல்களில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது ஒரே இடம்தான். மேலே சொன்ன சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689 ஆகஸ்டில் சென்னைப் புனித மேரி தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. தாய் ஓர் இந்தியப் பெண். அவள் பிறந்த வீட்டில் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்த 1680களிலேயே கம்பெனி, தன் படைவீரர்கள் இங்கத்துப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படி லண்டனிலிருந்து கடிதம் எழுதியது. குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கும்படியும் சொன்னது. வராகன் கொடுக்கக் கை இருந்தது. பெயர் கேட்க வாய் இல்லை. பிற்கால அடக்கக் கணக்கில் அந்தப் பெண்கள் வந்தாலும் மரியா என்றோ எலிசபெத் என்றோ கிறிஸ்தவப் பெயரில், கணவனின் குடும்பப் பெயரோடு வருவார்கள். இல்லையென்றால் இன்னாரின் மனைவி. அதுவும் இல்லையென்றால் வரவே மாட்டார்கள். லண்டனுக்குப் போன படிகளில் ஐரோப்பியர்களும் கலப்பு வம்சத்தவர்களும்தான் பெரும்பகுதி. இந்தியக் கிறிஸ்தவர்கள் ஆங்காங்கே சிலர்.

ஆகவே மெல்பர்னில் இருக்கும் அந்தப் பேத்தி தகப்பன் வழியில் அயர்லாந்தின் ஒரு கிராமம் வரை போய்விடுவாள். தாய் வழியில் மூன்றாவது தலைமுறையிலோ நான்காவது தலைமுறையிலோ சென்னையில் வந்து நின்றுவிடுவாள். அதற்கு மேல் கதவு இல்லை. அந்தக் கதவுக்கு இந்தப்பக்கம் இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள், நம் உறவுகள்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்குக் கல்லறை ஏடு இல்லை. திதி கொடுக்கும்போது தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லச் சொல்வார்கள். பலருக்கு மூன்றாவது பெயர் வராது. தாய் வழிப் பாட்டிகளின் பெயர் இன்னும் சிரமம். கிராமத்தில் பிறப்பு, இறப்புக் கணக்கைக் கிராம முன்சீப் எழுதினார். 1899ஆம் ஆண்டு மெட்ராஸ் சட்டம் இதற்கு ஒழுங்கு கொடுத்தது. 1980இல் தமிழ்நாட்டில் அந்தப் பழைய கிராம அதிகாரிப் பதவிகளே ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பங்குக் கோயிலிலும் சேகரத்திலும் அடக்கப் பதிவேடு உண்டு. கத்தோலிக்கப் பங்குகளில் இறந்தோர் ஏடு வைக்க வேண்டும் என்பது 1614ஆம் ஆண்டு ரோமன் ரிச்சுவல் காலத்திலிருந்தே உள்ள விதி. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் நாஞ்சில் நாட்டிலும் பழைய சேகரங்களின் அலமாரியில் இருக்கும் அந்த ஏடுகளில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. சில இடங்களில் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும்கூட. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் கப்பலில் ஏற்றவில்லை. பல ஊர்களில் இருப்பது அந்த ஒரே பிரதி.

நகரங்களில் இடநெருக்கடி வேறு. கீழ்ப்பாக்கம் போன்ற கல்லறைத் தோட்டங்களில் குடும்பக் குழியைச் சில வருடம் கழித்துத் திறந்து அடுத்தவரை அதிலேயே வைக்கிறார்கள். கல்லில் எல்லோர் பெயருக்கும் இடம் இருப்பதில்லை. அலுவலக ஏட்டில் இருக்கும். அந்த ஏடு போனால் அந்தக் குழியில் யார் யார் என்று சொல்ல ஆள் இருக்காது. குருவானவரிடமும் சபைக் கமிட்டியிடமும் அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாக நல்ல வெளிச்சத்தில் படமெடுக்க இன்று ஒரு கைபேசி போதும். எடுத்ததை ஒரே கருவியில் வைக்காமல் இரண்டு ஊரில் இரண்டு பேரிடம் வைக்க வேண்டும். ஓரக் குறிப்பு விடுபடாமல் முழுப் பக்கமும் வர வேண்டும். கல்லறைத் திருநாள் அன்று நவம்பர் 2ஆம் தேதி குடும்பம் முழுவதும் கூடும்போது, எந்தக் குழியில் யார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிற நேரத்திலேயே இதுவும் ஆகிவிடும்.

இன்னொன்று, எல்லா மதத்தவருக்கும் பொருந்துவது. இப்போது மாநகராட்சியும் பஞ்சாயத்தும் கொடுக்கிற இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தாய் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது. மெட்ராஸ் வரிகளில் இருநூற்றைம்பது வருடமாக இல்லாமல் போனது அதுதான். சாவு வீட்டு அவசரத்தில், மயானத்துக்குப் போகிற வழியில், தூரத்து உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியிலோ சுடுகாட்டு அலுவலகத்திலோ சொல்கிற பெயர்தான் அந்த இடத்தில் ஏறுகிறது. பல சமயம் தெரியாது என்று கோடு போட்டுவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பாட்டி, பூட்டி பெயர்களைக் கேட்டு வைத்துக்கொண்டு, சொல்லவேண்டிய நேரத்தில் முழுப் பெயராகச் சொல்லுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுத்து சரிதானா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். தவறிருந்தால் அலைச்சல் பார்க்காமல் உடனே திருத்தி வாங்குங்கள்.